மெழுகுக் கட்டியும் மாறிய பெயரும்

சேலத்தில் நான் பணிபுரியும் நோயியல் ஆய்வகத்தின் பின்னறையில் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. அறுவைச் சிகிச்சையில் எடுக்கப்படும் சதைத் துணுக்குகளை ஃபார்மலினில் பதப்படுத்தி, ஆல்கஹாலில் நீர் போக்கி, உருகிய பாரஃபின் மெழுகில் ஊறவைத்து ஆறவிட்டால் கிடைக்கும் சிறு சிறு மெழுகுக் கட்டிகளை அதில் ஆண்டுவாரியாக அடுக்கிவைத்திருக்கிறோம். தமிழில் மெழுகுக்கும் கட்டி, மூளையில் வளர்வதற்கும் கட்டி என்பதால் குழப்பம் வரும். எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வதுபோல மெழுகை பிளாக் என்றே இங்கும் எழுதுகிறேன்.

சென்ற மாதம் இழுப்பறைகளை ஒழுங்குபடுத்தியபோது 2011-ஆம் ஆண்டின் பிளாக் ஒன்று கையில் வந்தது. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் பெருமூளைக் கட்டி அது. பழைய அறிக்கையின் நகலை எடுத்துப் பார்த்தேன். 'பிஎன்இடி' என்று எழுதி, கீழே நான் கையெழுத்திட்டிருந்தேன். முதிர்ச்சியடையாத நரம்பு அணுக்களைப் (செல்களைப்) போலத் தோன்றும் கட்டிகளுக்கு அன்று நாங்கள் எல்லோரும் வைத்த பெயர் அதுதான். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் மூளைக் கட்டிகளின் வகைப்பாட்டைத் திருத்தி வெளியிட்டபோது அந்தப் பெயரையே நீக்கிவிட்டது. அதே ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, அந்தப் பெயரில் உலகெங்கும் சேமிக்கப்பட்டிருந்த கட்டிகளை மூலக்கூறு முறையில் மறுபடி சோதித்து, அவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே வேறு பெயர்களில் அறியப்பட்ட நோய்கள் என்றும், எஞ்சியவற்றுள் அதுவரை பெயரிடப்படாத நான்கு புதிய வகைகள் இருக்கின்றன என்றும் காட்டியது. ஆக, நான் கையெழுத்திட்டுக் கொடுத்த நோய் இன்று இல்லை. அந்தச் சிறுமியும் இல்லை. பிளாக் மட்டும் அப்படியே இருக்கிறது.

நுண்ணோக்கியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இருபது ஆண்டுகளாக அதன்மேல் குனிந்தே என் கழுத்து வளைந்திருக்கிறது. பிளாக்கை மைக்ரோடோமில் நான்கு மைக்ரான் பருமனில் சீவி, ஹிமடாக்ஸிலின், இயோசின் சாயங்களை ஏற்றிப் பார்ப்பதுதான் இன்றும் எந்தக் கட்டிக்கும் முதல் படி. பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் 1926-இல் மூளைக் கட்டிகளை வகைப்படுத்தியது முதல், ஒரு கட்டியின் அணுக்கள் எந்த இயல்பான அணுவைப் போலத் தோன்றுகின்றனவோ அதைக் கொண்டே பெயர் வைப்பது வழக்கமாயிற்று. குழந்தைகளின் மூளைக் கட்டிகளில் இந்த வழக்கம் அடிக்கடி இடறுகிறது. ஊதா நிறக் கேழ்வரகைக் கொட்டிப் பரப்பியதுபோலச் சின்னஞ்சிறு உருண்டை அணுக்கள் கண்ணாடித் தகடு முழுவதும் நிறைந்திருக்கும். அது ஐந்தாறு வெவ்வேறு நோய்களில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு முதுகெலும்பு முழுவதும் கதிர்வீச்சு தேவைப்படும், இன்னொன்றுக்குத் தேவைப்படாது. மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையின் வளரும் மூளையில் அந்த வேறுபாடு எத்தகையது என்பதைப் பெற்றோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏற்காட்டுப் பையன் ஒருவனின் பிளாக்கைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பது வயது, தந்தை மலைமேல் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர். சனி, ஞாயிறுகளில் அடிவாரத்தில் பாட்டி வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காலை பேருந்தில் மலையேறிப் பள்ளிக்குப் போவான். பேருந்தில் வாந்தி எடுத்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. "வளைவு ஏறினா பெரியவங்களுக்கே குமட்டுதுங்க மேடம், புள்ளைக்கு வராதுங்களா?" என்று அந்தத் தாய் பின்னாளில் என்னிடம் கேட்டார். புதன்கிழமை காலையில், வீட்டில், படுக்கையிலிருந்து எழுந்ததும் வாந்தி வந்தபோது பித்தம் என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். தலைவலிக்குக் கண்ணாடி போட்டார்கள். காப்பிச் செடிகளுக்கிடையே சரிவில் ஆடு போல ஓடியவன் சமதரையில் கால்களை அகட்டி வைத்து நடக்கத் தொடங்கிய பிறகே ஸ்கேன் எடுக்கப்பட்டது. சிறுமூளையில், மூளைநீர் ஓடும் அறைகளில் ஒன்றான நான்காவது வென்ட்ரிக்கிளை அடைத்தபடி ஒரு கட்டி இருந்தது. காலை வாந்தியும் தலைவலியும் நடைத் தள்ளாட்டமும் சேர்ந்து வந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகும் முன் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் நகர முடியவில்லை.

கட்டியை அகற்றி அனுப்பினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தவுடன் மெடுல்லோபிளாஸ்டோமா என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் தீவிர மூளைப் புற்றுநோய்களில் இதுவே மிகவும் பரவலானது. முந்தைய காலமாக இருந்தால் அறிக்கை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால், மெடுல்லோபிளாஸ்டோமா என்பது ஒரே நோயாக இல்லை, குறைந்தது நான்கு நோய்கள் ஒரே முகமூடியை அணிந்திருக்கின்றன என்ற முடிவுக்கு 2010-இல் பாஸ்டன் நகரில் கூடிய ஆய்வாளர்கள் வந்தார்கள். அது 2012-இல் கட்டுரையாக வெளிவந்தது. விண்ட், எஸ்எச்எச், மூன்றாம் குழு, நான்காம் குழு என்று அவற்றைக் குறிப்பிடுகிறோம். முதல் இரண்டும் அந்தக் கட்டியில் முறுக்கேறி நிற்கும் சமிக்ஞைப் பாதைகளின் பெயர்கள். மற்ற இரண்டுக்கும் அப்படி ஒரு பாதை பிடிபடாததால் எண்ணோடு நிறுத்திக்கொண்டார்கள். நூறு மெடுல்லோபிளாஸ்டோமாக்களில் பத்து போலத்தான் விண்ட் வகை. முறையான சிகிச்சை பெற்றால் அந்த வகைக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் குழுவில், அதிலும் மிக் என்ற மரபணு பல மடங்காகப் பெருகியிருந்தால், நிலைமை அதற்கு நேர்மாறு.

இந்தப் பையனின் தகட்டில் ரத்தக் கசிவு சற்று அதிகமாக இருந்தது. விண்ட் வகைக் கட்டியின் ரத்தக் குழாய்கள் சல்லடை போலக் கசிபவை, கீமோ மருந்து உள்ளே எளிதாகப் போவதற்கு அதுவே ஒரு காரணம் என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்திருந்தேன். அந்த நினைவில் பீட்டா கேட்டனின் என்ற புரதத்தைக் காட்டும் சாயத்தை, எங்கள் வழக்கில் ஸ்டெயினை, போட்டேன். புரதம் இருக்கும் இடத்தைக் காட்டும் பழுப்பு நிறம் எல்லா மெடுல்லோபிளாஸ்டோமாவிலும் அணுவின் ஓரமாகவும் உடலிலும் ஏறும், அதனால் பயனில்லை. விண்ட் வகை என்றால், அணுவின் நடுவே இருக்கும் நியூக்ளியஸுக்குள் அந்தப் பழுப்பு நுழைந்திருக்க வேண்டும். நாற்பது மடங்கு லென்ஸில் தகட்டை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, நெல்லில் கல் பொறுக்குவதுபோலப் பார்த்தேன். ஊதா நியூக்ளியஸ்களுக்கு நடுவே ஒரு திட்டில், முழுக்கப் பழுப்பேறிய நியூக்ளியஸ்கள் பத்துப் பன்னிரண்டு தெரிந்தன. பக்கத்தில் இன்னொரு திட்டு. அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

ஆனாலும் அதை மட்டும் நம்பிக் கையெழுத்திட முடியாது. பிளாக்கை வெளியூர்ப் பெரிய மையத்துக்கு அனுப்பி, சிடிஎன்என்பி1 என்ற மரபணுவின் மூன்றாம் பகுதியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று வாசிக்கச் சொன்னோம். இருந்தது. இப்படிப்பட்ட சோதனைகள் மேலை நாடுகளுக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் நம் ஊர் மருத்துவர்களிடம்கூட உண்டு. மும்பை டாட்டா நினைவு மையத்தைச் சேர்ந்த ஏசிடிஆர்இசி ஆய்வாளர்கள், மெழுகு பிளாக்கிலிருந்தே நான்கு குழுக்களையும் பிரித்தறியும் பிசிஆர் சோதனை ஒன்றை வடிவமைத்து 2013-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். நம் மருத்துவமனைகளில் குளிர்பதனப் பெட்டியில் திசுவைச் சேமிக்கும் வசதி அரிது, பிளாக் எங்கும் உண்டு என்பதை உணர்ந்து செய்த வேலை அது என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு.

முடிவைச் சொன்னபோது தந்தை ஒரு கேள்வி கேட்டார். கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் பக்கத்தில் எல்லோரும் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். "மருந்தும் கரண்டும் அதேதானுங்களே மேடம், அப்புறம் எதுக்குங்க இந்த டெஸ்ட்டு?"

நியாயமான கேள்வி. நோய் பரவாமல், கட்டி ஏறத்தாழ முழுவதும் அகற்றப்பட்ட குழந்தைக்கு மூளையும் முதுகுத் தண்டும் முழுமைக்கும் 23.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் 54 கிரே என்பது நிலைபெற்ற அளவு. ஆபத்து மிகுந்தவர்களுக்கு முழுமைக்கும் 36 கிரே. இது படிப்பை, உயரத்தை, ஹார்மோன்களைப் பாதிக்கும் என்பதால் விண்ட் வகைக்காவது குறைக்கலாமே என்ற முயற்சிகள் நடக்கின்றன. மும்பையில் நடந்த ஓர் ஆய்வில் முதுகுத் தண்டை விட்டுவிட்டுக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளுக்கு விட்ட இடத்திலேயே நோய் திரும்பியதால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முழுமைக்கும் கொடுத்து அளவை மட்டும் 18 கிரே போலக் குறைக்கும் வழி அதன்பின் ஆராயப்படுகிறது. ஆகவே ஆய்வுக்கு வெளியே, பெயர் நல்ல பெயராக இருக்கிறது என்பதற்காக யாரும் தாமாகக் கையைச் சுருக்கிக்கொள்ளக் கூடாது. அவருடைய மகனுக்குச் சிகிச்சை அதேதான். இருந்தாலும், மேலும் தீவிரமாக்கத் தேவையில்லை என்பதும், வருவது என்ன என்பதும் இப்போது தெரியும் என்றேன். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அப்ப அடுத்த வருசம் பள்ளிக்கூடத்துல சேத்தறலாமுங்களா?" என்றார். சேர்க்கலாம் என்றேன்.

எல்லாக் கட்டியும் இப்படி ஒரே ஸ்டெயினில் வாய் திறப்பதில்லை. ஐயம் தீராதவற்றுக்குத்தான் டிஎன்ஏ மெத்திலேற்ற வரைவு என்ற முறை வந்திருக்கிறது. உடம்பின் எல்லா அணுக்களிலும் டிஎன்ஏ வாசகம் ஒன்றுதான். ஆனால் எந்தப் பகுதியைப் படிக்க வேண்டாம் என்பதற்கான சிறு வேதியியல் குறிகள் அணுவுக்கு அணு வேறுபடும். கடையில் கொடுத்த ஒரே நாள்காட்டி தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கினாலும், ஒரு வீட்டில் பால் வராத நாள்களில் சுழியும், இன்னொரு வீட்டில் பிரதோஷத்தில் புள்ளியும், மூன்றாம் வீட்டில் சீட்டுத் தவணைத் தேதியில் கோடும் இருக்கும். தாளைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தாலும் குறிகளைப் பார்த்து யார் வீட்டு நாள்காட்டி என்று சொல்லிவிடலாம். கட்டி எந்த அணுவிலிருந்து பிறந்ததோ அந்த அணுவின் குறிகளையும், பிறகு தான் இட்டுக்கொண்ட குறிகளையும் சுமந்துகொண்டே வளர்கிறது. பல லட்சம் இடங்களில் அந்தக் குறிகளை ஒரு சிப்பில் படித்து, கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது.

ஜெர்மனியில் ஹைடல்பர்க் குழுவினர் 2018-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட வகைப்படுத்தி இதில் பெரிய திருப்பம். 2,801 மாதிரிகளைக் கொண்டு 82 வகைக் கட்டிகளின் குறிகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். புதிதாக வந்த நோயாளிகளிடம் சோதித்தபோது, நுண்ணோக்கி சொன்ன பெயர் 12 விழுக்காடு வரை மாறியது. நூறில் பன்னிரண்டு என்பதைப் படித்த இரவு நான் என்னுடைய பழைய பதிவேடுகளைத்தான் நினைத்தேன். கணினி பெயரோடு சேர்த்து ஒரு மதிப்பெண்ணும் தரும், 0.9-க்கு மேல் வந்தால்தான் பொருந்தியது என்று கொள்வோம். எதனோடும் பொருந்தாமல் திரும்பி வருபவையும் உண்டு. அப்போது மறுபடியும் நுண்ணோக்கியிடம்தான் வர வேண்டும். 2021-இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு, சில வகைகளுக்கு இந்த வரைவையே தீர்மானிக்கும் சான்றுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நடைமுறையில் ஒரு தொல்லை உண்டு. பரவலாகப் பயன்படும் சிப்பில் ஒரே நேரத்தில் எட்டு மாதிரிகள் ஏறும். எட்டும் சேராமல் ஓட்டினால் செலவு கட்டாது. சேரும்வரை காத்திருந்தால் அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் தொடங்க வேண்டிய கதிர்வீச்சு தள்ளிப்போகும். நெதர்லாந்தில் அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே நானோபோர் கருவியில் டிஎன்ஏவை வாசித்து, 25 அறுவைகளில் 18-இல் ஒன்றரை மணி நேரத்துக்குள் விடை கண்டதாக 2023-இல் எழுதினார்கள். ஐந்து ரோடு போக்குவரத்தில் சிக்கிய கூரியர்க்காரருக்கு போன் செய்துகொண்டிருக்கும் எனக்கு அது வேற்றுக் கிரகச் செய்தி போல இருந்தது.

நம் மாவட்டத்துக்கென்றே அவசியமாக வேறொன்றைச் சொல்ல வேண்டும். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமியின் தீவிர கிளையோமா என்ற மூளைக் கட்டி வந்தது. பெற்றோர் மாமன், மருமகள் உறவு. டிஎன்ஏவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களுக்கு ஸ்டெயின் போட்டேன். பிஎம்எஸ்2 என்ற ஒன்று மட்டும் சுத்தமாக ஏறவில்லை. கட்டியின் அணுக்களில் ஏறாவிட்டாலும், நடுவே ஓடும் இயல்பான ரத்தக் குழாயின் அணுக்களிலாவது பழுப்பு ஏறியிருக்க வேண்டும், அங்கேயும் வெறுமை. இயல்பான அணுவில் ஏறாத ஸ்டெயினை வீணான ஸ்டெயின் என்று ஒதுக்குவது எங்களுக்குப் பாலபாடம். டெக்னீஷியனைக் கடிந்துகொண்டு மறுபடி போடச் சொன்னேன். மறுநாளும் அதே வெறுமை. கூடவே ஓட்டிய வேறொருவரின் திசுவில் மட்டும் அழகாகப் பழுப்பு. அப்போதுதான் உறைத்தது. கோளாறு ஸ்டெயினில் இல்லை, அந்தக் குழந்தையின் உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் அந்தப் புரதம் இல்லை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்து சேர்ந்தால் உண்டாகும் நோய் அது. டெக்னீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தச் சிறுமியின் தோலில் காப்பி நிறத் திட்டுகள் இருந்தனவாம். குடும்பத்தில் அதை மச்சம் என்று விட்டுவிட்டார்கள். இந்நோய் உள்ளவர்களின் கட்டிக்கு, வழக்கமாகக் கொடுக்கும் டெமொசோலமைடு மருந்து பலன் தருவது அரிது. மாறாக, நோய் எதிர்ப்பாற்றலின் தடையை விலக்கும் நிவோலுமாப் போன்ற மருந்துகளுக்கு இணங்கலாம் என்பதை உடன்பிறந்த இரு குழந்தைகளின் சிகிச்சை வழியாக 2016-இல் டொராண்டோ மருத்துவர்கள் எழுதினார்கள். அதைவிட முக்கியம், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் இது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கட்டியைச் சோதித்த காகிதம் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் தம்பியைப் பற்றியும் பேசுகிறது. அதைச் சொல்லும்போது யாரையும் குற்றவாளியாக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தாய் என் எதிரில் உட்கார்ந்து தன் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இவ்வளவும் முதல் ஒரு மணி நேரத்தில் அறுவை அரங்கில் என்ன நடக்கிறது என்பதில் தொங்குகிறது. என் நீண்ட நாள் குறை இதுதான். ஒரு மருத்துவமனையிலிருந்து குழந்தையின் மூளைக் கட்டி குறுகிய வாய்ப் பாட்டிலில் வந்தது. உள்ளே போகும்போது மெத்தென்று இருந்த திசு இறுகிப்போய் வெளியே வர மறுத்தது. பாட்டிலை உடைத்துத்தான் எடுத்தோம். ஊற்றியிருந்தது என்றைக்கோ கலக்கி வைத்த ஃபார்மலின். பஃபர் சேர்க்காத ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாகி, டிஎன்ஏவை நறுக்கிவிடும். நுண்ணோக்கிக்கு அது ஓரளவு தாங்கும், ஆனால் மரபணுச் சோதனைக்கு அனுப்பியபோது "டிஎன்ஏ தரம் போதவில்லை" என்ற ஒற்றை வரி திரும்பி வந்தது. சோதனைக்கான பணத்தைத் திரட்டத் தந்தை வெள்ளிப் பட்டறையில் முன்பணம் வாங்கியிருந்தார். அகன்ற வாய் டப்பா, பஃபர் சேர்த்த பத்து விழுக்காட்டு ஃபார்மலின், திசுவைப் போலப் பத்து மடங்கு அளவு, ஓரிரு நாள்களுக்குள் ஆய்வகம். இதற்கு ஜெர்மனியும் வேண்டாம், நெதர்லாந்தும் வேண்டாம், சில நூறு ரூபாய் போதும்.

பெற்றோருக்கும் ஒன்று. வீடு திரும்பும்போது அறிக்கையையும் ஸ்கேன் படத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். பிளாக் எங்கே இருக்கிறது, எண் என்ன, தேவைப்படும்போது தருவீர்களா என்று கேளுங்கள். வேலூருக்கோ பெங்களூருவுக்கோ சென்னைக்கோ போய் இரண்டாம் கருத்து கேட்டால் அங்கே முதலில் கேட்பது அதைத்தான். எழுதிக் கொடுத்தால் நாங்கள் தருவோம். மறுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

ஏற்காட்டுப் பையனின் தந்தை சிகிச்சைக்காக வெளியூர் புறப்பட்டபோது பிளாக்கை வாங்க வந்தார். சித்திரை வெயில். மெழுகு உருகிவிடுமா என்று கேட்டார். ஐம்பத்தைந்து, அறுபது டிகிரி ஆனால்தான் உருகும், இருந்தாலும் பேருந்தில் ஜன்னல் ஓரமாகவோ எஞ்சின் மேலோ வைக்க வேண்டாம் என்றேன். அவர் பையிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்தார். அடித்தட்டில் ஈரத் துணி விரித்து, மேல்தட்டைக் காயத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். பிளாக்கை பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த மேல்தட்டில் நான் வைத்ததும், மூடியை இரண்டு முறை திருகிப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் நான் காட்டிய இடத்தில் பெரிய எழுத்துகளில் தன் பெயரையும் தேதியையும் எழுதினார்.